நூற்று நாலு என்று சொன்னேன்

முகாம் முடிந்து மாணவர்கள் பேருந்து ஏறிப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்து கண்கட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கறுப்புத் துணி. பயிற்சிக்காக ஆடுகளின் கண்ணில் கட்டியவை. இரண்டு முறை சோப்புப் போட்டு அலசியும் அந்த வியர்வை வாடை போகவில்லை. ஒன்றை மடித்தபோது வாடை குப்பென்று முகத்தில் அடித்தது, உன் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. மானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதுகளுக்குப் பின்னால் பொத்தி வைத்திருந்த கைகள். மிச்சத் துணிகளை அப்படியே கொடியில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவர்கள் எல்லோரிடமும் இந்தப் பத்து நாளில் சொல்லியாயிற்று. உன்னிடம் மட்டும்தான் பாக்கி. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

நீ எதனோடுதான் பேசவில்லை? திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே உன்னை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் நகரிக்காரன், தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீயோ உன் ஊர் பாலசமுத்திரத்து மாடுகளோடு பேசிய மாதிரியே கல்லூரி மாடுகளோடும் பேசினாய். சினைப் பரிசோதனைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றபோது, "கொஞ்சம் பொறுத்துக்கோ ஆத்தா, தோ ஆச்சி" என்று பசுவிடம் அனுமதி கேட்டவன் நீ. பேராசிரியர் பொறுமை இழந்து, "நுவ்வு டாக்டரா, தானி சுட்டமா?" என்றார். நீ டாக்டரா, அதற்குச் சொந்தக்காரனா என்று. நீ கொஞ்சமும் அசராமல், "ரெண்டூ சார்" என்றாய். வகுப்பே சிரித்தது. அந்தப் பசு மட்டும், நீ சொன்ன மாதிரியே, காலை உதறாமல் பொறுத்துக்கொண்டு நின்றது. எனக்கு அதே பசு உதை கொடுத்தது. உன்மேல் எனக்குப் பொறாமை அன்றைக்கே ஆரம்பித்திருக்க வேண்டும்.

இறுதி ஆண்டில் அந்தப் பத்து நாள் முகாம் வந்தது. பங்காருபாளையத்துக்கு மேலே, மாந்தோப்புகள் முடிந்து காடு தொடங்கும் இடம். காட்டு விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒரு மேடம்தான் நமக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஒல்லியான உருவம், அதிர்ந்து பேசாதவர். ஊதுகுழலில் மயக்க ஊசியை வைத்து வாழைத்தண்டைக் குறி பார்த்து ஊத வேண்டும். உனக்கு முதல் ஊதலிலேயே ஊசி தண்டில் போய் நின்றது. என்னுடையது மேடத்தின் தண்ணீர் கேனில் குத்தியது. சாப்பிடும்போதும் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

மேடம் முதல் நாளே சொன்னதை நான் இன்றும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். பசுவுக்கு மனிதக் குரல் என்றால் தீனி போடுகிறவனின் குரல். மானுக்கு அது தன்னைத் தின்ன வருவதன் குரல். அதனால் அதன் கண்ணைக் கட்டு, உன் வாயைக் கட்டு, சீக்கிரம் முடி. பயமும் திமிறலும் சேர்ந்து உடம்புச் சூடு ஏறினால் தசை உள்ளுக்குள்ளேயே சிதைய ஆரம்பித்துவிடும். எழுந்து ஓடுகிற மிருகத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்துவிடுவோம், அது மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எங்கேயாவது படுத்துச் செத்துப்போகும். ஆகவே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். நூற்று ஆறைத் தாண்டினால் ரத்தமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தண்ணீரை ஊற்றி, விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் அவர் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் தன்னோடு காட்டில் வேலை செய்ய நம்மில் ஒருவரை எடுத்துக்கொள்வதாக. உனக்கு அது வேண்டும் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். எனக்கும் வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை செய்தி வந்தது. காட்டுப்பன்றிக்காக நிலக்கடலைக் கொல்லையைச் சுற்றிப் பழைய புடவைகளும் நைலான் வலையும் கட்டியிருந்தார்கள். அந்த வலையில் ஒரு ஆண் புள்ளிமானின் கொம்பு மாட்டிக்கொண்டது. நாம் போனபோது அது இழுத்து இழுத்து வலையைக் கயிறாகத் திரித்து வைத்திருந்தது. மேடம் லேசான மயக்க ஊசி போட்டார். அது முழங்கால் மடிந்ததும் ஆளுக்கொரு வேலை. தலையும் கண்கட்டும் உனக்கு. வலையை அறுப்பது மேடம். தெர்மாமீட்டர் எனக்கு, அதற்கப்புறம் ரத்தம் எடுப்பதும் எனக்கு. மற்றவர்களுக்கெல்லாம் குரங்கோ மயிலோ மலைப்பாம்போ ஏதோ ஒன்று அதற்குள் கிடைத்திருந்தது. காட்டு விலங்கிடம் ரத்தம் எடுத்ததற்கான பக்கம் என் பதிவு நோட்டில் மட்டும் காலி. மேடத்தின் கையெழுத்துக்கு எனக்கு இருந்தது அந்த ஒரு மான்தான்.

முதல் தடவை நூற்று மூன்று. இரண்டாம் தடவை நூற்று நாலு. மூன்றாம் தடவை துடைத்துவிட்டுப் பார்த்தேன், பாதரசம் நூற்று ஏழில் நின்றது. வெயிலில் சரியாகத் தெரியவில்லையோ என்று திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். நூற்று ஏழுதான்.

மேடம் வலையிலிருந்து தலையை எடுக்காமல், "டெம்பரேச்சர்?" என்றார்.

"ஒன் நாட் ஃபோர், மேடம்."

சொன்ன கையோடு தெர்மாமீட்டரை உதறினேன். நாம் ஒவ்வொரு மாட்டுக்கும் செய்கிற அதே உதறல்தான், மணிக்கட்டில் இரண்டு வீச்சு. பாதரசம் கீழே இறங்கிவிட்டது. இனி யாரும் பார்க்க ஒன்றுமில்லை. தாளில் நூற்று நாலு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் உள்ளங்கைகள் அதன் காதுக்குப் பின்னால் இருந்தன. சுட்டிருக்கும்.

அப்போதுதான் மான் நடுங்க ஆரம்பித்தது. தோல் முழுக்க அலை அலையாக நடுக்கம். உனக்கு உன்னை அறியாமலேயே வாய் திறந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல நைனா, ஒண்ணும் இல்ல, தோ ஆச்சி, வூட்டுக்குப் போய்டலாம்." மேடம் உதட்டில் விரல் வைத்தார். நிறுத்தினாய். அரை நிமிஷம் கழித்து மறுபடியும் அதே முணுமுணுப்பு. நான் கழுத்து நரம்பைத் தேடி ரத்தத்தை எடுத்துக்கொண்டேன். என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை, நல்ல வேலை என்று எனக்கே தோன்றியது. வலை அறுந்தது, கண்கட்டை அவிழ்த்தோம், மான் தள்ளாடி எழுந்து மாமரங்களுக்கு நடுவே ஓடி மறைந்தது. மேடம் என் நோட்டில் கையெழுத்துப் போட்டார். நீ என் முதுகில் ஒன்று வைத்து, "ஆச்சிடா டாக்டரு! வா, துன்னலாம். பசில உயிர் போவுது" என்றாய்.

ஒன்பதாம் நாள் வனக் காவலர் வந்து சொன்னார். மான் ஓடைக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. பிரேதப் பரிசோதனையை நம்மையே செய்யச் சொன்னார் மேடம். தொடைத் தசை அவித்த கோழி மாதிரி வெளிறிப்போயிருந்தது. மூத்திரப்பையில் இருந்தது டிக்காஷன் நிறத்தில். மேடம் சொன்னது சொன்னபடி இருந்தது. கையைக் கழுவிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். அவர் அந்தத் தாளை எடுத்து வாசித்தார். மொத்த நேரம் சரி, மருந்தின் அளவு சரி, சூடு நூற்று மூன்று, நூற்று நாலு, நூற்று நாலு. எல்லாம் எல்லைக்குள்தான் இருக்கிறது, சத்தத்தைத் தவிர என்றார். யாரும் உன் பக்கம் திரும்பக்கூட இல்லை. நீயே எழுந்து நின்றாய்.

"நேனே மேடம்" என்றாய். நான்தான்.

அந்த நேரத்தில் எனக்கு நாக்கு இருந்தது. பல்லும் தொண்டையும் மூச்சும் எல்லாம் இருந்தன. ஒரு எண்ணைச் சொன்னால் போதும். நான் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் உன்னைத் திட்டவில்லை. உனக்கு மாடுகள் இருக்கின்றன, அங்கே நீ ராஜா, காடு உனக்கு வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த வருஷம் அவரோடு போனது நான்.

நீ கார்வேட்டிநகரம் பக்கம் அரசு கால்நடை மருத்துவராகப் போனாய். வருஷத்துக்கு இரண்டு முறையாவது பார்த்துக்கொண்டோம். மாம்பழக் காலத்தில் உன் வீட்டுக்கு வருவேன், உன் குட்டித் தங்கை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் காயை நறுக்கிக் கொண்டுவருவாள். நீ என்னிடம் ஒருநாளும் அந்த மானைப் பற்றிப் பேசியதில்லை. நானோ உன் அந்தப் பார்வையை மட்டும் பன்னிரண்டு வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். உள்ளங்கை சுட்டிருக்கிறது, நான் சொன்னது பொய் என்று தெரிந்தும் எனக்காக எழுந்து நின்றாய், மன்னித்துவிட்டாய், இப்போது நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாய். நான் கட்டிக்கொண்ட கணக்கு இதுதான். இதற்காக உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது, தெரியுமா? தெரிந்துகொண்டே தோளில் கை போட்டுச் சிரிக்கிறானே, ஒரு தடவை திட்டித் தொலைத்தால் என்ன என்று. சித்தூர் பேருந்து நிலையத்தில் ஒருமுறை வாய் வரைக்கும் வந்துவிட்டது. "டேய், அந்த மான்..." என்றேன். நீ, "வுடுடா அத்த" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் பேருந்து வந்துவிட்டது. பார்த்தாயா, இவனுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

போன வருஷம் ஆடியில், கன்று ஈன முடியாமல் தவித்த பசு ஒன்றைப் பார்க்க நீ வண்டியில் போனபோது புத்தூர் சாலையில் லாரி அடித்துவிட்டது. உன் வீட்டு வாசலில் நின்றேன். சுற்று ஊர்க்காரர்கள் அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மா மூக டாக்டரு போயாடு" என்றார். எங்கள் ஊமை டாக்டர் போய்விட்டார் என்று. யாரைச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. நீயா ஊமை? உத்தியோகம் வந்தால் மனிதர்கள் கொஞ்சம் அடங்கிவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். காரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

இப்போது அசிங்கமான பகுதிக்கு வருகிறேன். மேடம் ஓய்வு பெற்ற பிறகு முகாமை நான்தான் நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் ஒரு கதை சொல்வேன். எங்கள் பேட்சில் ஒருவன் இருந்தான், மானின் தலையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டான், மான் செத்தது என்று. பெயர் சொல்ல மாட்டேன், அந்த மட்டுக்கும் எனக்கு நாகரிகம் உண்டு. ஆனால் குரலை நடித்துக் காட்டுவேன். "ஒண்ணும் இல்ல நைனா, ஒண்ணும் இல்ல." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் பத்து நாளும் யாரும் மிருகத்தின் பக்கத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். நல்ல பாடம் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷமும் நடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. உன் தங்கை. நம் கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் இந்த முகாமுக்கு வருகிறவர்களின் பட்டியலை நான் சரியாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவளே வந்தாள்.

"அண்ணா, அது எங்கண்ணன் தான?"

"ஆமாம்மா. நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சிருந்தா..."

"தப்பா நெனைக்கல. அப்டியே அவுரு கொரலு. நான் அந்தக் கொரல கேட்டு எவ்ளோ நாளாச்சி தெரியுமா? அஞ்சாவது படிக்கும்போது கேட்டது."

எனக்கு விளங்கவில்லை. போன வருஷம் வரைக்கும் அவன் உங்களோடுதானே இருந்தான் என்றேன்.

"எங்ககிட்ட பேசுவாரு. மாடுங்ககிட்ட பேசமாட்டாரு. இந்த முகாமுக்கு வந்துட்டுப் போனதிலிருந்தே அப்டிதான். வூட்டு எருமை கன்னு போட்டப்போ கூட வாயத் தொறக்கல. இன்னாடா ஆச்சி உனக்குன்னு எங்கப்பா கேட்டாரு. என் வாய் கெட்ட வாய் நைனா, ஒரு ஜீவன் பூடுச்சின்னு சொன்னாரு. ஊருல எல்லாம் மூக டாக்டருன்னுதான் கூப்பிடுவாங்க. சிரிச்சிக்கினு பூடுவாரு."

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியாம்மா?"

"சொன்னாரே. மானோட காது நெருப்பா சுட்டுதாம். சந்தேகப்பட்டு உங்கள நிமிந்து பாத்தாராம். நீங்க நூத்தி நாலுன்னதும் வெயிலுக்குத்தான் சுடுதுன்னு நெனச்சிக்கினாராம். அவன் பாத்து சொன்னா தப்பா இருக்காதுன்னு எப்பவும் சொல்வாரு."

உனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக நான் மன்னிப்பு என்று நினைத்துச் சாய்ந்துகொண்டிருந்தது உன் நம்பிக்கை. நான் சொன்ன எண்ணை நம்பி, உன் உள்ளங்கையை நம்பாமல் விட்டுவிட்டாய். சித்தூரில் முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அது வெட்கம். செய்யாத குற்றத்துக்கான வெட்கம். அதை நீ தினமும் மாட்டுக்கொட்டகைகளுக்குச் சுமந்துகொண்டு போயிருக்கிறாய். ஒரு வார்த்தையில் நான் உன்னை அவிழ்த்து விட்டிருக்கலாம்.

அவளிடம் சொல்லிவிட்டேன். நூற்று ஏழு, உதறியது, நோட்டில் இருந்த காலிப் பக்கம், எல்லாவற்றையும். நியாயம் எதுவும் சேர்க்கவில்லை, சேர்ப்பதற்கு இருக்கவும் இல்லை. என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ எங்கண்ணன் பேசிக்கினே இருந்திருக்கலாம்" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், இந்தத் தடவை உன் பெயரோடு, என் பெயரோடு. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மாணவன் மட்டும், நூற்று ஏழு என்று சொல்லித் தண்ணீர் ஊற்றி அப்போதே விட்டிருந்தால் பிழைத்திருக்குமா சார் என்று கேட்டான். பிழைத்திருக்கலாம் என்றேன். அப்படியானால் மிருகத்திடம் பேசலாமா என்று இன்னொருவன் கேட்டான். மானிடம் கூடாது, அந்த விதி சரியான விதிதான், மாட்டிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள் என்றேன். அதற்குமேல் என்னால் வகுப்பு எடுக்க முடியவில்லை.

சித்தூரில் இருக்கும் மேடத்துக்கும் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆ அப்பாயி நம்பர் இவ்வு. நேனு மாட்லாடாலி" என்றார். அந்தப் பையனின் நம்பர் கொடு, நான் பேச வேண்டும் என்று. நீ போன செய்தி அவருக்குப் போயிருக்கவில்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உன் தங்கை பாதியில் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பத்து நாளும் இருந்தாள். எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்தாள். இன்று பேருந்து ஏறும்போது, "போய்ட்டு வரேன் சார்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

உன் மாடுகளை நினைத்துக்கொள்கிறேன். கன்று போட முடியாமல் கிடந்தவை, மடி வீங்கி நின்றவை, ஊசிக்குப் பயந்து கயிற்றை இழுத்தவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீ குனிந்திருக்கிறாய், சொல்ல வார்த்தை வந்திருக்கிறது, பல்லைக் கடித்து விழுங்கியிருக்கிறாய். நீ விழுங்கிய அந்தப் பன்னிரண்டு வருஷப் பேச்சும் இப்போது என்னிடம் இருக்கிறது. எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை.